நெவில் டிரூரி ஊதிய எண்கள்

கிரிம்ஸ்பி மீன்துறையில், பனிக்கட்டித் தொழிற்சாலைக்குப் பின்புறம்
வியாழன்தோறும் நிற்கும் எங்கள் வண்டி.
ஆளுக்கு முன்னால் அவர் மணம் உள்ளே வந்தது.
ஓக் மரத்தூள், உப்பு,
அடியில் மெலிதாய்ச் சொந்தச் சிகரெட்.
நாற்பத்தோரு வருடமாய்
ஹேடாக் மீனைப் புகையில் தொங்கவிடுகிறவர்.

இந்தக் குழாயில் ஊதுங்கள், அதற்கு முன்
பதினைந்து எண்ணும்வரை மூச்சைப் பிடியுங்கள்.
பதினொன்றில் இருமினார்.
மறுபடி.
திரையில் இருபத்தெட்டு.

"இது அடுப்பா, நானா?"

நியாயமான கேள்வி.
அடுத்த வாரம் வேலைக்கு முன்னால் வரச் சொன்னேன்.
இருபத்தாறு.
அடுப்பின் பங்கு இரண்டு.
யாரோ திட்டியதுபோல் தலைகுனிந்தார்.

ஆறு முறை விட்டிருக்கிறார்.
தோளில் ஒட்டும் பட்டை, பொய்ப்பல்லில் ஒட்டிய சூயிங்கம்,
க்ளீதோர்ப்ஸில் ஒரு மனோவசியக்காரர்
(அவர் விரலிலேயே மஞ்சள் கறை).
"இப்போது நீங்களும் விடச் சொல்வீர்கள்."
நான் சொல்லவில்லை.
மேசையில் பேனா மாதிரி ஒன்றை வைத்தேன்,
கூடவே நாலு சிறு குப்பிகள்.

இதுவும் நல்லதில்லை என்றுதான் தொடங்கினேன்.
புகைக்காத ஒருவர் கேட்டால் தரமாட்டேன்.
நிக்கோட்டின் உங்களைக் கட்டிப்போடும்,
கொல்வது பெரும்பாலும் எரியும் இலையின் புகை.
இதில் எதுவும் எரிவதில்லை, கேடு வெகுவாகக் குறைவு.
இருபது வருடம் கழித்து என்ன ஆகும் என்று கேட்டால்
எனக்கும் தெரியாது.

வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"மீனுக்குப் புகை ஆயுளைக் கூட்டும்," என்றார்.
"எனக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை."

மகள் கெயில் தொலைபேசியில் வந்தாள்.
ஒரு பேயை ஓட்ட இன்னொரு பேயா?
சிறிய பேய், என்றேன்.
வைத்துவிட்டாள்.

குறை.
பெயராய் நின்றால் பழுது,
வினையாய் நின்றால் ஏவல்.
பழுதைப் பழுதென்று சொல்லிக்கொண்டே
குறை, இன்னும் குறை என்று ஏவுகிற வேலை எனக்கு.
சில நாள் அந்தச் சொல்லின் எந்தப் பக்கம் நிற்கிறேன்
என்று எனக்கே பிடிபடுவதில்லை.
அன்று மாலை பேருந்து நிறுத்தத்தில்
பள்ளிச் சீருடையில் மூன்று பெண்கள்
தர்பூசணி வாசனையில் மேகம் விட்டார்கள்.
போய்ச் சொன்னேன்.
ஒருத்தி என் முகத்திலேயே ஊதினாள்.
அதை எழுத எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

ஐந்தாம் வாரம் ஒன்பது.
ஏழாம் வாரம் வரவில்லை.
எட்டாம் வாரம் கருப்பு டையோடு வந்து
குழாயைத் தொடுமுன்பே சொன்னார்:
பெரிலை எரியூட்டிவிட்டு, அந்தக் கட்டடத்துக்குப் பின்னால்
மூன்று சிகரெட். கெயில்தான் பற்றவைத்துக் கொடுத்தாள்.
பதினேழு.
எண்ணை மட்டும் எழுதினேன்.
புதினா தீர்ந்துவிட்டது, இன்னொரு குப்பி கிடைக்குமா என்றார்.
இரண்டு கொடுத்தேன்.

பன்னிரண்டாம் வாரம் நான்கு.
"பூஜ்யம் இல்லையா?"
அதில் இரண்டு அடுப்புடையது.
"மீதி?"
ஊருடையதாக இருக்கும். லாரிகள்.
அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்,
சிரிப்பு இருமலில் போய் முடியவுமில்லை.

புறப்பட எழுந்தவர் கதவருகே நின்று
கம்பளிச் சட்டைக் கையை மூக்கருகே கொண்டுபோனார்.
இந்த வாரம்தான் மணம் தெரிகிறதாம்.
சலவைக்கூடை, கார், தலையணை,
எங்கும் மீன், எங்கும் ஓக்.
"இத்தனை நாள் இப்படியா நாறினேன்?"

என்னிடம் கேட்டதாகத் தோன்றவில்லை.

"பெரில் ஒரு நாளும் சொன்னதில்லையே," என்றார்.